தகரத்தின் தடிப்பும் தவணை நாளும்

வட்டுக்கோட்டையிலும் அதைச் சூழ்ந்த சங்கரத்தை, சித்தன்கேணி, அராலிப் பக்கங்களிலும் வளவுக்குள் ஒரு களஞ்சியம், றோட்டோரத்தில் ஒரு கடை, கோயிலுக்கு ஒரு அன்னதான மண்டபம் என்று எதைப் போட நினைத்தாலும், கல்லுக்கும் சீமெந்துக்கும் பக்கத்தில் இன்று இன்னொரு தெரிவும் வந்து நிற்கிறது. பட்டறையிலோ தொழிற்சாலையிலோ வெட்டி, வளைத்து, துளையிட்டு, லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து நட்டும் போல்ற்றும் முறுக்கி நிமிர்த்திவிடும் உலோகக் கட்டடம். வேகமாக எழும், மரம் தேடி அலையத் தேவையில்லை, வேண்டாமென்றால் கழற்றி வேறிடத்தில் பூட்டலாம் என்பவை அதற்குச் சொல்லப்படும் பெருமைகள். வாங்கியவர்களிடமிருந்து வரும் முறைப்பாடுகளோ இரண்டே இரண்டு. சொன்ன நாளுக்கு வரவில்லை; சொன்ன மாதிரி வரவில்லை. இவற்றை இரு வேறு குற்றங்களாகப் பார்ப்பதுதான் வழக்கம். முன்னதை விற்றவரின் அசட்டை என்போம், பின்னதைச் சாமானின் தரக்குறைவு என்போம். எனக்கு இவை ஒரே நோயின் இரு குணங்களாகவே படுகின்றன. என்ன வரவேண்டும் என்று எழுதிவைக்காத இடத்தில், அது எப்போது வந்து முடிந்தது என்று ஒருவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது. தாமதம் பற்றிய சண்டையில் வாடிக்கையாளர் தோற்பதற்குப் பெரும்பாலும் அவர் முற்பணம் கொடுத்த நாளில் வாங்கிக்கொண்ட அந்த ஒற்றைத் தாள் விலைக்கூறல்தான் காரணம்.

கல்வீட்டில் இந்தக் கரைச்சல் குறைவு. கல்வீடு கட்டுவிக்கிறவர் தன்னை அறியாமலே மேற்பார்வையாளராகிவிடுகிறார். அத்திவாரம் எத்தனை அடி ஆழம் என்பது எட்டிப் பார்த்தால் தெரியும். எத்தனை பை சீமெந்து இறங்கியது, கல் அரிந்த பிறகு எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள், கம்பி எந்த அளவு என்பதெல்லாம் பின்னேரம் ஒருதரம் வந்து நின்று பார்க்கிற கிழவருக்குக்கூடத் தெரிந்துவிடும். அயலவரும் மதிலுக்கு மேலால் பார்த்து அபிப்பிராயம் சொல்லாமல் விடமாட்டார்கள். வட்டுக்கோட்டையில் போர்த்துக்கேயர் காலத்துத் தேவாலயம் ஒல்லாந்தர் கையில் திருத்தம் பெற்று, பிறகு சிதைந்து கிடந்து, 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரால் மறுபடி சீராக்கப்பட்டு இன்றைக்கும் வழிபாட்டில் இருக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் என்ன செய்யும், எவ்வளவு காலம் நிற்கும் என்பது இந்த ஊருக்குப் பல தலைமுறை அறிவு. அதனால் மேசனுடன் வாய்ப்பேச்சாகச் செய்த ஒப்பந்தமும் ஓரளவு தப்பிப் பிழைக்கிறது. எழுதாமல் விட்டதை ஊர் வழக்கம் நிரப்பிவிடுகிறது. உலோகக் கட்டடத்தில் அந்த நிரப்பும் வழக்கம் இன்னும் உருவாகவில்லை. உற்பத்தி எங்கோ ஓரிடத்தில் நடக்கிறது. கட்டடம் முடிவாகித்தான் வாசலுக்கு வருகிறது. குறை இருந்தால் அது வர்ணப்பூச்சின் கீழ் ஒளிந்திருக்கும். பார்க்க முடியாததை எழுத்தில்தான் பிடித்துவைக்க வேண்டும்.

எழுத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் ஏமாற்றம்தான். ‘அமானோ சீற்’ என்று எழுதியிருக்கும். ஒரு வியாபாரப் பெயராகத் தொடங்கி, நிறம் பூசிய கூரைத் தகடு எல்லாவற்றுக்கும் பொதுப் பெயராகிவிட்ட சொல் அது. சீற்றின் தடிப்பையோ பூச்சையோ பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. இன்னும் சிலர் ‘26 கேஜ்’ என்று எழுதுவார்கள். எண் இருப்பதால் துல்லியம் இருப்பதுபோல ஒரு மயக்கம். பழைய பிரித்தானியக் கம்பி அளவையில் 26 கேஜ் என்பது 0.457 மில்லிமீற்றர். அமெரிக்காவில் நாகம் பூசிய தகட்டுக்கு வழங்கும் அளவையில் அதே 26 கேஜ் 0.55 மில்லிமீற்றர். எந்த அளவை என்று எழுதாமல் விட்டால் ஆறில் ஒரு பங்கு உலோகம் பேச்சுக்குள்ளேயே கரைந்துவிடும். யாரும் பொய் சொன்னதாகவும் ஆகாது. மில்லிமீற்றரில் எழுதினால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. தடிப்பில் இரண்டு வகை இருக்கிறது: உள்ளே இருக்கும் உருக்கின் தடிப்பு, பூச்சையும் சேர்த்த மொத்தத் தடிப்பு. உருக்கு 0.42 உள்ள தகடு நாக-அலுமினியப் பூச்சோடு ஏறத்தாழ 0.47 ஆகிறது. பாரம் தாங்குவது உருக்கு. விலைக்கூறலில் வருவது பெரும்பாலும் பெரிய எண். கேட்டவர் உருக்கென்று நினைப்பார், கொடுத்தவர் மொத்தத்தை அளந்து காட்டுவார். இருவரிடமும் ஒரே தாள் இருக்கும்.

பூச்சின் கதை இதைவிடப் பெரிது. யாழ்ப்பாணத்தில் அதுதான் கட்டடத்தின் ஆயுளையே தீர்மானிக்கிறது. அராலிக் கடல்நீரேரிக்கும் பொன்னாலைக் கரைக்கும் இடையில் கிடக்கிற ஊருக்கு உப்புக்காற்று புதிதல்ல. சைக்கிள் றிம்மைக் கேட்டால் சொல்லும். தகட்டுப் பூச்சை ஒரு சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று சொல்வது உலக வழக்கம். இசட் 275 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 275 கிராம் நாகம். ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்குறோன், தலைமயிரிலும் மெல்லியது. அதில் பாதி பூசிய தகடும் சந்தையில் உண்டு, கடையில் பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிப் பளபளக்கும். சட்டத்துக்குப் போடுகிற பெட்டி பாரும் சி வடிவ உருக்கும் நாகத்தில் தோய்த்தவையா, சிவப்பு ஒக்சைட் அடித்து மேலே ஒரு வர்ணம் பூசியவையா என்பதும் அப்படித்தான். முதல் மாரிக்கு வித்தியாசம் தெரியாது; ஐந்தாறு மாரி போனால் ஒட்டுப் போட்ட இடங்களில் இருந்து துரு ஒழுகும். சி உருக்கின் தடிப்பு 1.5 மில்லிமீற்றர் என்று நினைத்த இடத்தில் 1.2 வந்தால் இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. திருகாணியின் தலையில் இருக்கிற இறப்பர் வளையம் வெயிலுக்குத் தாங்குமா என்பது சின்ன விசயமாகப் படலாம். ஆனால் தகரக் கூரை ஒழுகத் தொடங்குவது பெரும்பாலும் அந்தத் துளையில்தான். இவற்றில் எதையும் எழுதாமல் ‘நல்ல சாமான்’ என்று எழுதிய விலைக்கூறலை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியிடம் போய் எதை நிரூபிப்பது?

இனித் தவணை நாளுக்கு வருவோம். ‘45 நாளில் முடித்துத் தருவோம்’ என்றால் அந்த 45 எப்போது தொடங்குகிறது? முற்பணம் கைமாறிய நாளிலா, வரைபடத்தில் வாடிக்கையாளர் கையொப்பமிட்ட நாளிலா, நிலத்தில் கொன்கிறீற் போட்டுக் காய்ந்த நாளிலா? எதில் முடிகிறது? கொழும்பில் லொறி ஏறியதிலா, படலையில் சாமான் இறங்கியதிலா, கூரை போட்டுத் திறப்பைக் கையில் தந்ததிலா? இந்த ஆறு நாட்களில் எந்த இரண்டை எடுப்பது என்பதைப் பொறுத்து ஒரே வேலை நேரத்துக்கு முடிந்ததாகவும் இருக்கலாம், மூன்று மாதம் பிந்தியதாகவும் இருக்கலாம். நடுவில் வரும் முட்டுக்கட்டைகளில் அதிகம் வருவது அடித்தளப் போல்ற். உருக்குத் தூணை நிலத்தோடு பிடித்துவைக்கும் போல்ற்றுகளைக் கொன்கிறீற் போடும்போதே அமுக்கிவிட வேண்டும். நிலவேலை உள்ளூர் மேசனிடம், தூண் வெளியூர்க் கம்பனியிடம் என்று வேலை பிரிந்திருக்கையில், போல்ற் வரைபடத்தை யார் யாருக்கு எப்போது கொடுப்பது என்று எழுதியிருக்காது. தூண் வந்து இறங்கும், துளை பொருந்தாது. மேசனில் பிழை என்று கம்பனி சொல்லும், வரைபடமே தரவில்லை என்று மேசன் சொல்வார், சாமான் மழையில் நனைந்துகொண்டு வளவில் கிடக்கும். வெளியே இது தாமதம் என்று பெயர் பெறுகிறது. உள்ளே இருப்பது விவரக்குறிப்பில் விடுபட்ட ஒரு வரி.

ஒரு கடைக்காரரின் கொட்டகைக்கு மட்டும் உரிய சங்கடம் இது என்று நினைக்க வேண்டாம். வடக்கும் கிழக்கும் சேர்ந்து அனுபவித்த மிகப் பெரிய கட்டளையிலும் நடந்தது இதுவே. 2015இல் ஆட்சி மாறிய பிறகு, போரில் வீடிழந்தோருக்கு 65,000 வீடுகள் என்று மீள்குடியேற்ற அமைச்சு ஒரு திட்டத்தை முன்வைத்தது. அமைச்சர் டி. எம். சுவாமிநாதன். முன் தயாரித்த உருக்கு வீடுகள். தெரிவான நிறுவனம் உலகின் பெரும் உருக்குக் கம்பனிகளில் ஒன்றான ஆர்சலர்மிட்டல். வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா, முழுத் திட்டமும் 100 கோடி டொலரை நெருங்கும் கடன். யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகளும் எழுப்பிக் காட்டப்பட்டன. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்த்தது. அன்றைய வட மாகாண முதலமைச்சர் சி. வி. விக்னேஸ்வரன் எதிர்த்தார், பொறியியலாளரும் பொருளியலாளரும் எழுதினார்கள். கல்வீட்டைப் பத்து இலட்சமளவில் கட்டலாம் என்பது எதிர்த்தவர்களின் கணக்கு. ஆனால் அந்த விவாதத்தில் விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அப்போது கேட்கப்பட்ட கேள்விகள்தான். அத்திவாரம் போதுமா? விறகு எரிக்கிற குசினிக்குப் புகைக்கூடு எங்கே? இந்த வெக்கைக்குக் காற்றோட்டம் எப்படி? பிள்ளை கலியாணம் முடித்தால் ஓர் அறையை ஒட்டிப் போடலாமா? உப்புக்காற்றில் எத்தனை வருசம் நிற்கும்? பழுதானால் உள்ளூர்க் கொத்தனார் திருத்துவாரா, கொழும்புக்கு ஆள் அனுப்புவதா? ஒவ்வொன்றும் வாங்குவதற்கு முன் கேட்டுப் பதில் எழுதிவைக்க வேண்டிய கேள்வி. கேள்வி கேட்டவர்களிடமோ ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் உரிமை இல்லை. வாங்கியது அமைச்சு, விற்றது கம்பனி, இருக்கப்போவது முகாமில் இருந்த குடும்பம். விவரக்குறிப்பு இருந்ததா இல்லையா என்பதைவிட, இருக்கப்போகிறவரின் குசினி அந்த விவரக்குறிப்புக்குள் இருக்கவில்லை என்பதுதான் கோளாறு.

பிறகு நடந்ததைத் தாமதத்தின் வரலாறாகவே வாசிக்கலாம். 2015இன் இறுதியில் கோணாப்புலம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்கு வந்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, இடம்பெயர்ந்தோரை ஆறு மாதத்தில் மீள்குடியேற்றுவதாகச் சொல்லிச் சென்றார். வீட்டுத் திட்டமோ 2016 முழுவதும் இழுபட்டது. 2017இல் உருக்கு வீடுகளின் எண் 65,000இலிருந்து 6,000 ஆகச் சுருங்கியது. 2018இல் 40,000 வீடுகள் சீன ரயில்வே பீஜிங் பொறியியல் குழுமத்துக்கு, 30 கோடி டொலருக்கு மேல் என்று வந்தது. மக்கள் தங்களுக்குப் பழக்கமான செங்கல், கல் வீடுகளையே கேட்டார்கள், அத்தோடு அயல்நாட்டு அரசியலும் கலந்தது. அந்த ஒக்ரோபரில் அதுவும் கைவிடப்பட்டு, 28,000 வீடுகள் இந்தியாவின் என்.டி. என்ரர்பிறைசஸ் நிறுவனத்துக்கும் இரண்டு இலங்கைக் கம்பனிகளுக்கும் 3,580 கோடி ரூபாவுக்கு என்று மாறியது. மாறிய சூட்டோடு, அதே மாதம் 26ஆம் திகதி நாட்டின் அரசியலமைப்பு நெருக்கடி வெடித்தது. வேகமாக முடியும் என்பதற்காகவே தெரிவுசெய்யப்பட்ட முன் தயாரிப்பு வீடு, மூன்று வருசத்தில் வாக்களித்த எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை. இதற்கு ஒரு கம்பனியை மட்டும் நான் குற்றம் சாட்டவில்லை. கேட்டதைச் செய்து தருவது அவர்கள் தொழில். கேட்டதே யாருக்காக என்பதில்தான் பிசகு.

இதற்கு எதிர்ப்பக்கத்தில், அதே மண்ணில், வேறொரு முறை நடந்திருக்கிறது. இந்திய வீட்டுத் திட்டத்தின் 50,000 வீடுகளில் முதல் ஆயிரம், இந்துஸ்தான் பிரிஃபாப் என்ற இந்திய அரச நிறுவனத்தின் வழியாக ஒப்பந்ததாரர் கட்டிக்கொடுத்தவை. 2012 ஜூலையில் முடிந்தன. 2012 ஒக்ரோபர் 2ஆம் திகதி தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறை மாறியது. வீட்டுக்காரரே கட்டுவிப்பார், 5,50,000 ரூபா அவர் வங்கிக் கணக்குக்குத் தவணையாக வரும், ஒரு கட்டம் முடிந்ததைப் பார்த்த பிறகே அடுத்த தவணை. அந்தத் தொகை போதவில்லை, நகையை அடகு வைத்தும் கடன் வாங்கியும் முடித்த குடும்பங்கள் ஏராளம், அதை மறைப்பதற்கில்லை. என்றாலும் அந்த முறையில் ஒரு நுட்பம் இருந்தது. ‘முடிந்தது’ என்றால் என்ன என்பது அத்திவாரம், சுவர், கூரை என்று கண்ணால் பார்த்துச் சரிபார்க்கும் படிகளாக உடைக்கப்பட்டிருந்தது, காசும் அந்தப் படிகளோடு கட்டப்பட்டிருந்தது. உலோகக் கட்டடம் வாங்குகிறவரோ பாதிக்கு மேற்பட்ட காசை முதல் நாளிலேயே கொடுத்துவிட்டு, அதன்பிறகு தொலைபேசியை நம்பி இருக்கிறார்.

இரும்பே கூடாது, எங்கள் காலநிலைக்குக் கல்வீடுதான் என்று இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள். உருக்கு வீட்டை எதிர்த்தவர்களில் பலருடைய முடிவும் அதுதான். குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரை எனக்கும் பெரிய மறுப்பில்லை. ஆனால் களஞ்சியத்துக்கும் பட்டறைக்கும் கோழிக்கூட்டுக்கும் மண்டபத்துக்கும் அந்த முடிவைக் கொண்டுபோனால், ஆற்றுமணலுக்கும் மரத்துக்கும் இன்றிருக்கிற விலையில் சின்ன முதலீட்டாளர் ஒன்றுமே செய்யமாட்டார். முன் தயாரிப்பு என்ற யோசனையில் இயல்பாகவே ஒரு கேடு இருப்பதாக வரலாறும் சொல்லவில்லை. கிரிமியப் போரின்போது, 1855இல், துருக்கியின் ரென்கியோயில் எழுந்த இராணுவ மருத்துவமனை இங்கிலாந்தில் துண்டுதுண்டாகச் செய்து கப்பலேற்றப்பட்ட மரக் கட்டடம். வடிவமைத்தவர் பொறியியலாளர் புறூனல். சில மாதங்களில் அங்கே நோயாளிகள் படுத்தார்கள். எந்தத் துண்டு எங்கே வரும், நீர்க்குழாய் எப்படிப் போகும், எந்த ஒழுங்கில் பூட்டுவது என்று அனைத்தும் கப்பலோடு கூடவே போன குறிப்புகளில் இருந்தன. அதே யோசனை வேறு கைகளில் சறுக்கியும் இருக்கிறது. 1948இல் பிரிவினை அகதிகளின் வீட்டுத் தேவைக்காக டெல்லியில் ஓர் அரச வீட்டுத் தொழிற்சாலை திட்டமிடப்பட்டது. ஒற்றோ கோனிக்ஸ்பேர்கர் என்ற கட்டடக் கலைஞர் முன்னின்றார். சுவர்ப் பலகைகள் வெடித்தன, உற்பத்தி பிந்தியது, நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் தொழிற்சாலை வழிவந்த நிறுவனம்தான் மேலே சொன்ன இந்துஸ்தான் பிரிஃபாப். அமெரிக்காவிலோ இரண்டாம் உலகப் போரின் பின் லஸ்ற்றன் என்ற கம்பனி பழைய விமானத் தொழிற்சாலையில் எனாமல் பூசிய உருக்கு வீடு செய்தது. அரசின் கடன் கோடிக்கணக்கில். 2,500 வீடளவில் வெளிவந்தபோது, உற்பத்தித் தாமதமும் ஏறிக்கொண்டே போன விலையும் சேர்ந்து அழுத்த, கம்பனி 1950இல் வங்குரோத்தாகியது. வெளிவந்த வீடுகளில் பல இன்னும் நிற்கின்றன என்பது இதில் ஒரு வேடிக்கை. உருக்கு உறுதியாகத்தான் இருந்தது, தவணை உடைந்துபோனது.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், விவரித்து விற்ற பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. விவரணமே ‘நல்ல சாமான்’ என்றால் பொருந்தாத சாமான் உலகில் கிடையாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தவறான விளம்பலைத் தடைசெய்கிறது, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள்பற்றி முறையிட வழிசெய்கிறது, நட்டஈடோ மாற்றுப் பொருளோ பணமோ பெற்றுத்தர அதிகாரசபைக்கு வலுவும் தருகிறது. ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்பது அதன் 13ஆம் பிரிவு. மின்விசிறிக்கும் அரிசிக் குக்கருக்கும் மூன்று மாதம் பொருந்தும். முற்பணத்துக்கும் கூரைக்கும் இடையிலேயே நாலு மாதம் ஓடிவிடுகிற ஒரு பொருளுக்கு, விற்பனை எந்த நாளில் நடந்தது? முற்பணப் பற்றுச்சீட்டின் திகதியைக் காட்டினால் காலம் கடந்துவிட்டது என்ற பதில் வரலாம். துருவோ ஒழுக்கோ மூன்று மாதத்தில் தலைகாட்டாத நோய்கள். நிறுவி ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு வருசம் என்று கட்டடப் பொருட்களுக்கு மட்டும் தனியாகத் திருத்துவது நாடாளுமன்றத்துக்குப் பெரிய வேலையல்ல.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்றும் இருக்கிறது. கட்டடம் போட வலிகாமம் மேற்குப் பிரதேச சபையிடம் அனுமதி எடுக்க வேண்டும். வரைபடம் கொடுக்க வேண்டும். உலோகக் கட்டடமாயின் அந்த வரைபடத்தோடு தமிழில் ஒரு பக்கம் விவரக்குறிப்பையும், விற்பவர் கையொப்பத்தோடு, சபை கேட்கட்டும். உருக்கின் தடிப்பு பூச்சு நீங்கலாக எவ்வளவு. பூச்சு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம். தூணும் சி உருக்கும் எந்த அளவு. எந்தக் காற்று வேகத்துக்குக் கணித்தது. அடித்தளம் யாருடைய பொறுப்பு, போல்ற் வரைபடம் எந்த நாளில் கைமாறும். நாள் எதில் தொடங்கி எதில் முடியும். பிந்தினால் வாரத்துக்கு எவ்வளவு கழிவு. காற்று வேகம் ஆடம்பரக் கேள்வி அல்ல. 1978 நவம்பர்ப் புயல் மட்டக்களப்பைத் துவம்சம் செய்த பிறகு, பலத்த காற்றைத் தாங்கும் கட்டடங்களுக்கான கையேடு 1980இல் வந்தது. நாட்டை மூன்று காற்று வலயங்களாக அது பிரித்தது. 1964 டிசெம்பர்ப் புயலைக் கண்ட வடக்கில், பாரம் குறைந்த கட்டடத்தைக் காற்று தள்ளுவதைவிடத் தூக்குவதே பயம். முற்பணத்தையும் இந்திய வீட்டுத் திட்டத்தின் தவணை போல உடைக்கலாம்: வரைபடத்துக்கு ஒரு சிறு பங்கு, சாமான் வளவில் இறங்கி அளந்து பார்த்ததும் பெரும்பங்கு, திறப்பு வந்ததும் ஒரு பங்கு, ஒரு மாரி கழிந்த பிறகு மிச்சம்.

மறுப்புகளில் கனமானது விலை பற்றியது. தகடு இறக்குமதி, டொலர் ஏறினால் விலை ஏறும், எழுதிக் கொடுத்தால் நாங்கள் முடிந்தோம் என்பார்கள் விற்பவர்கள். 2022இல் சில வாரங்களில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தொட்டதை மறந்துவிட்டு இதற்குப் பதில் சொல்வது நியாயமில்லை. அந்த வருசம் பழைய விலைக்குக் கட்டிக்கொடுத்தவர் நட்டப்பட்டார், கட்டாமல் விட்டவர் கள்ளனானார். ஆனால் விலை ஏறலாம் என்பதை எழுதுவதும் எழுதுவதுதானே. எந்தச் சாமானின் விலை, எந்த நாள் விலையோடு ஒப்பிட்டு, எத்தனை வீதத்துக்கு மேல் ஏறினால் யார் தாங்குவது என்று ஒரு வரி இருந்தால் விற்பவரும் தப்புவார். எழுதாத ஒப்பந்தத்தில் விலை ஏறும்போது சத்தமில்லாமல் மெலிவது சீற்றின் தடிப்பு. சின்னப் பட்டறைக்காரருக்கு இந்தத் தாள் வேலை பாரம் என்பது இன்னொரு மறுப்பு. மூன்று பேர் வேலைசெய்யும் ஒட்டு வேலைத்தளத்தில் யார் இருந்து எழுதுவது? உண்மையில் இந்தத் தாளால் அதிகம் நன்மை அடையப்போகிறவர் அவர்தான். இன்று அவர் 1.5இல் செய்தால் பக்கத்துப் பட்டறை 1.2இல் செய்து விலையைக் குறைத்துக் கட்டளையைப் பறித்துவிடுகிறது. வாடிக்கையாளர் இரண்டு தாளிலும் ஒரே சொல்லைத்தான் பார்க்கிறார். நேர்மையான பட்டறைக்காரர் தன் நேர்மையைக் காட்ட இடமே இல்லாத சந்தை இது. வாடிக்கையாளர்தான் நடுவில் யன்னலை மாற்று, வாசலைத் திருப்பு என்று கரைச்சல் தருகிறார் என்ற குறையும் மெய். மாற்றத்தை எழுதி, அதற்கு எத்தனை நாள் கூடும் என்றும் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் அந்தத் தாமதம் வாடிக்கையாளரின் கணக்கில் போய்ச் சேரும்.

நம்பிக்கையில் நடக்கிற ஊர்த் தொழிலுக்குள் கையெழுத்தைக் கொண்டுவந்து உறவைக் கெடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. முகம் பார்த்து நடந்த காலத்துக்கு அது சரி. இன்று வட்டுக்கோட்டையில் எழும் கட்டடத்துக்குக் காசு ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறது. நின்று பார்ப்பவர் வயதான தாயோ ஒன்றுவிட்ட சகோதரனோ. செய்வது வேறு மாவட்டக் கம்பனி. விவரக்குறிப்பின் இடத்தை வற்சப்பில் வந்த ஒரு படம் பிடித்துக்கொள்கிறது. ‘இதே மாதிரி’ என்று படம் போகிறது, ‘ஓம்’ என்று கட்டைவிரல் வருகிறது. படத்தில் தடிப்பு தெரியாது. சண்டை வந்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று ஏச்சு வாங்குவது அந்த ஒன்றுவிட்ட சகோதரன்தான்.

சங்கானைச் சந்தையில் தக்காளி நிறுக்கிற தராசுக்கு அரசாங்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் முத்திரை வேண்டும். முத்திரை இல்லாமல் அரைக் கிலோ விற்றால் குற்றம். சங்கானையிலிருந்து சில நிமிட ஓட்டத்தில், பதினைந்து இலட்சம் ரூபாத் தகடு லொறியிலிருந்து இறங்கும்போது, அதன் ஓரத்தில் மைக்குறோமீற்றர் வைத்துப் பார்க்க எவரும் வருவதில்லை. வந்து அளந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கத் தாளில் எண் இல்லை.